எண் சுழற்றக் கற்றுக்கொடுத்த ஆல்மன் ஸ்ட்ரோஜர்

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், ஐந்தாம் வகுப்புச் சிறுமியும் தயங்காமல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று சொல்லிவிடுவாள். ஆனால் அந்தத் தொலைபேசியில் பிறர் உதவியின்றி, நம் விரலாலேயே ஓர் எண்ணைச் சுழற்றி, நாம் விரும்பியவரை அழைக்கும் வழியைக் கண்டவர் யார் என்று கேட்டால் பெரியவர்களும் சற்றுத் திகைப்பார்கள். அவர் விஞ்ஞானி அல்லர். இறந்தவர்களைப் பெட்டியில் வைத்து நல்லடக்கம் செய்து கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். ஆல்மன் பிரவுன் ஸ்ட்ரோஜர் என்பது அவர் பெயர்.

இவரைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் நமக்குத் தோன்றியதற்கு ஒரு சிறு காரணம் உண்டு. 2021 ஜனவரி 15-ஆம் நாள் முதல், வீட்டுத் தொலைபேசியிலிருந்து கைபேசியை அழைப்பதானால் முதலில் 0 சேர்க்க வேண்டும் என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. பழக்கப்பட்ட பாட்டிமார் பத்து எண்களை மட்டும் அழுத்திவிட்டு, மறுமுனையில் பேத்தியின் குரலுக்குப் பதில் ஏதோ அறிவிப்பு ஒலிக்கக் கேட்டு, கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். ஒரே ஒரு சுழியம் கூடியதற்கே இத்தனை குழப்பம் என்றால், எண் என்பதையே அழுத்தியறியாத மக்களிடம் முதன்முதலாக ஒரு பொறியைக் கொடுத்து, இனி நீங்களே அழைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன மனிதரின் துணிவை என்னென்பது!

ஸ்ட்ரோஜர் 1839-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகருக்கு அருகிலுள்ள பென்ஃபீல்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய முன்னோர் அவ்வூரில் முதன்முதலாகக் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சிறு வயதில் அவருக்கும் உடன்பிறந்தோருக்கும் தாயார் ஏதேனும் வீட்டு வேலை கொடுத்தால், அதைக் கையால் செய்து முடிப்பதை விட்டு, அந்த வேலையைத் தானே செய்யக்கூடிய ஒரு பொறியை எப்படி அமைக்கலாம் என்று உட்கார்ந்து யோசிப்பார்களாம். எந்தத் தாய்க்கும் பொறுமையைச் சோதிக்கும் பிள்ளைகள்தாம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர் வாலிபர். நியூயார்க்கின் எட்டாவது குதிரைப் படையில் சேர்ந்து போர்புரிந்தார். போர் முடிந்தபின் சில காலம் ஆசிரியராக இருந்தார் என்பர். பிறகு மேற்கு நோக்கிச் சென்று கான்சாஸ் மாநிலத்தில் நல்லடக்கத் தொழிலில் இறங்கினார். 1880-களில் மிசௌரி மாநிலத்துக் கான்சாஸ் சிட்டி என்னும் பெருநகரில் கடை வைத்தார். இங்கேதான் அவருக்கும் தொலைபேசிக்கும் பகை மூண்டது.

அந்தப் பகையைப் புரிந்துகொள்ள, அக்காலத்துத் தொலைபேசி எப்படி இயங்கியது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அன்றைய கருவியில் எண்தட்டும் இல்லை, பொத்தானும் இல்லை. கைப்பிடியைச் சுற்றி, குழலைக் காதில் வைத்தால், தொலைபேசி நிலையத்தில் அமர்ந்திருக்கும் ஒரு பெண் பேசுவார். யார் வேண்டும் என்று கேட்பார். சொன்னதும், தம் முன்னிருக்கும் பலகையில் ஒரு துளையிலிருந்து மற்றொரு துளைக்குக் கம்பியைச் செருகி இருவரையும் இணைத்து வைப்பார். அவ்வளவுதான். ஊரில் உள்ள ஒவ்வொரு பேச்சும் அந்தப் பெண்ணின் இரு கைகளின் வழியாகவே நடந்தது.

முதலில் இவ்வேலைக்குச் சிறுவர்களை வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் அழைப்பவர்களிடம் வாயாடினார்கள், விளையாட்டுத்தனம் செய்தார்கள். எனவே 1878 செப்டம்பர் முதல் நாள் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்ற பெண்மணி அமர்த்தப்பட்டார். உலகின் முதல் பெண் தொலைபேசி இயக்குநர் இவரே. இவருடைய கனிவான குரலும் பொறுமையும் சந்தாதாரர்களுக்குப் பிடித்துப்போக, விரைவிலேயே இத்தொழில் முற்றிலும் பெண்களுடையதாயிற்று. சிற்றூர்களில் இயக்குநர் வெறும் இணைப்பாளர் அல்லர். தீப்பிடித்தால் ஊரை எழுப்புபவர் அவர். மருத்துவர் எந்த வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தவர் அவர். மணி என்ன என்று கேட்டாலும் சொல்பவர் அவர்.

தொலைபேசிக்கு எண் வந்த கதையும் இங்கே சொல்லத் தக்கது. தொடக்கத்தில் எண்ணே கிடையாது. ஆளின் பெயரைச் சொன்னால் போதும். மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் நகரில் 1879-இல் அம்மைக் காய்ச்சல் பரவியது. மோசஸ் கிரீலி பார்க்கர் என்ற மருத்துவர், நிலையத்தில் உள்ள நான்கு இயக்குநர்களும் ஒருங்கே படுத்துவிட்டால், யாருடைய கம்பி எந்தத் துளையில் இருக்கிறது என்று புதியவர்களுக்கு எப்படித் தெரியும் என்று எண்ணிப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டிற்கும் ஓர் எண் கொடுத்துவிடும்படி யோசனை கூறினார். தங்களை எண்ணாக்கிவிட்டார்களே என்று மக்கள் கோபித்துக்கொள்வார்களோ என நிறுவனத்தார் அஞ்சினார்களாம். மக்களோ சில நாள்களில் பழகிவிட்டார்கள். தொலைபேசியின் வரலாற்றில் இந்த அச்சமும் இந்தப் பழக்கமும் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்போம்.

இனி ஸ்ட்ரோஜரின் பகைக்கு வருவோம். நல்லடக்கத் தொழிலில் அழைப்பு என்பது இரண்டாம் முறை வராது. ஒரு வீட்டில் துயரம் நேர்ந்தால், அவ்வீட்டார் ஒரே ஒருமுறைதான் தொலைபேசியை எடுப்பார்கள். அந்த அழைப்பு வேறு கடைக்குப் போய்விட்டால் போனதுதான். தம் கடைக்கு வரவேண்டிய அழைப்புகள் போட்டியாளரின் கடைக்குப் போகின்றன என்று ஸ்ட்ரோஜர் உறுதியாக நம்பினார். நிலையத்து இயக்குநரான பெண் அந்தப் போட்டியாளரின் மனைவி என்று ஒரு கதை சொல்கிறது. மகள் என்றும் உறவினர் என்றும் வேறு கதைகள். தம் நண்பர் ஒருவர் இறந்தபோதே அவர் குடும்பத்தாரின் அழைப்பு வேறு கடைக்குச் சென்றதாகவும், அதைச் செய்தித்தாளில் பார்த்துத்தான் ஸ்ட்ரோஜர் அறிந்து கொதித்தார் என்றும் கூறுவோர் உண்டு.

இக்கதைகளைப் படிக்கும்போது நம் மனம் அந்தப் பெயர் தெரியாத பெண்ணின் பக்கமும் போகிறது. ஏனெனில் இதற்கு எதிரான கதை ஒன்றும் உண்டு. தொலைபேசி நிறுவனத்தார் வந்து சோதித்தபோது, கடைக்கு வெளியே தொங்கிய உலோக விளம்பரப் பலகை காற்றில் ஆடிக் கம்பியின் மேல் பட்டு இணைப்பைக் கெடுத்ததாகவும், அதனால்தான் மணி அடிக்கவில்லை என்றும் கண்டார்களாம். இது மெய்யானால், ஒரு பலகை செய்த குற்றத்திற்கு ஒரு பெண் பழி சுமந்தாள் என்றாகும். எது உண்மை என்று முடிவு கட்ட நமக்குச் சான்று போதாது. ஒன்று மட்டும் தெளிவு. ஸ்ட்ரோஜர் அடிக்கடி நிறுவனத்திற்குப் புகார் எழுதினார், தீர்வு கிடைக்கவில்லை, எனவே இடையில் மனிதரே இல்லாத தொலைபேசி நிலையம் ஒன்றைத் தாமே அமைப்பது என்று முடிவு செய்தார். ஒரு புகாருக்கு இவ்வளவு பெரிய மறுமொழி வரும் என்று அந்த நிறுவனத்தார் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இது 1888 வாக்கில் நடந்தது. அக்காலத்து ஆண்கள் சட்டையின் கழுத்துப்பட்டையைத் தனியே கழற்றி, வட்டமான அட்டைப்பெட்டியில் வைப்பது வழக்கம். அத்தகைய பெட்டி ஒன்றை ஸ்ட்ரோஜர் எடுத்துக்கொண்டார். குண்டூசிகளை வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசைகள் குத்தினார். ஆக நூறு ஊசிகள். ஒவ்வோர் ஊசியும் ஒரு வீட்டின் தொலைபேசி என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் நடுவே ஒரு தண்டு. அதில் ஒரு கை. அந்தக் கை முதலில் மேலே ஏற வேண்டும், பிறகு பக்கவாட்டில் திரும்ப வேண்டும். 47-ஆம் எண் வேண்டுமா? நான்கு படி மேலே, ஏழு படி பக்கத்தில். கையின் நுனி 47-ஆம் ஊசியைத் தொடும். மின்சாரம் பாயும். மணி அடிக்கும்.

கையை நகர்த்துபவை மின்காந்தங்கள். வீட்டிலிருப்பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு மின்துடிப்பு செல்லும். மின்காந்தம் ஒருமுறை இழுக்கும். கை ஒரு படி நகரும். நான்கு முறை அழுத்தினால் நான்கு படி. கணக்குப் பாடத்தில் பத்துகள், ஒன்றுகள் என்று நாம் இரண்டாம் வகுப்பில் கற்றதை அப்படியே இரும்பில் செய்துவிட்டார் எனலாம். பெரிய கணிதம் எதுவும் இதில் இல்லை. இதை அவருக்கு முன் வேறு சிலரும் முயன்றார்கள். பெரும் நகரத்திற்கும் பொருந்துமாறு வளர்க்கக்கூடிய அமைப்பைக் கண்டவர் இவரே.

1889 மார்ச் 12-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1891 மார்ச் 10-இல் 447,918 என்ற எண்ணில் அது அவருக்கு வழங்கப்பட்டது. சகோதரரின் மகன் வால்டர் ஸ்ட்ரோஜர் உடன்நின்று உதவினார். ஆனால் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு ஊருக்குத் தொலைபேசி நடத்த முடியாதல்லவா? பணம் வேண்டும், தொழில் தெரிந்தவர்கள் வேண்டும். ஜோசப் ஹாரிஸ் என்னும் விற்பனையாளர் இக்கருவியின் எதிர்காலத்தை உணர்ந்து முன்வந்தார். மோசஸ் மேயர் என்பவரும் சேர்ந்தார். 1891 அக்டோபரில் சிகாகோவில் ஸ்ட்ரோஜரின் பெயரிலேயே நிறுவனம் தொடங்கப்பட்டது.

எந்த ஊரில் தொடங்குவது? இந்தியானா மாநிலத்தில், சிகாகோவிலிருந்து ரயிலில் சிறு தொலைவில் இருக்கிறது லபோர்ட் என்னும் ஊர். அங்கே முன்பு தொலைபேசி நடத்திய நிறுவனம் பெல் நிறுவனத்தோடு காப்புரிமை வழக்கில் தோற்று மூடப்பட்டிருந்தது. தொலைபேசியைப் பழகிவிட்டு, பின் அதை இழந்து நின்ற ஊர் அது. புதிய பொறியைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

1892 நவம்பர் 3-ஆம் நாள் லபோர்ட்டில் திருவிழாக் கோலம். சிகாகோவிலிருந்து தனி ரயிலில் விருந்தினர் வந்திறங்கினர். வாத்திய இசை முழங்கியது. ஏறத்தாழ 75 சந்தாதாரர்களுடன், இயக்குநர் இல்லாத உலகின் முதல் பொதுத் தொலைபேசி நிலையம் இயங்கத் தொடங்கியது. பெண்கள் இல்லாத தொலைபேசி, காத்திருக்க வேண்டாத தொலைபேசி என்றெல்லாம் அன்று பெருமை பேசினார்கள். பெண்கள் இல்லாதது ஒரு பெருமையா என்று நம் மாணவியர் கேட்பது காதில் விழுகிறது. அன்றைய ஸ்ட்ரோஜருக்கு அது பெருமைதான்.

லபோர்ட் மக்கள் பட்ட பாடு சற்றே வேடிக்கையானது. ஒவ்வொரு வீட்டிற்கும் பல கம்பிகள் இழுக்க வேண்டியிருந்தது. பத்துக்கு ஒரு பொத்தான், ஒன்றுக்கு ஒரு பொத்தான்; எத்தனை முறை அழுத்தினோம் என்பதை அழுத்துபவரே மனத்தில் எண்ணிக்கொள்ள வேண்டும். நடுவில் குழந்தை அழுதாலோ, யாராவது கூப்பிட்டாலோ எண்ணிக்கை தவறிவிடும். மளிகைக் கடைக்குப் போக வேண்டிய அழைப்பு வேறு யாரோ ஒருவர் வீட்டில் ஒலிக்கும். முன்பு தவறான இணைப்பு வந்தால் இயக்குநரைக் கடிந்துகொள்ளலாம். இப்போது யாரைக் கடிந்துகொள்வது? ஸ்ட்ரோஜர் இயக்குநரை நீக்கினாரே தவிர இயக்குநரின் வேலையை நீக்கவில்லை. அதை எடுத்து ஒவ்வொரு வீட்டாரின் விரல் நுனியிலும் வைத்துவிட்டார்.

எண்ணிக்கைத் தொல்லையைத் தீர்த்தவர்கள் அவருடைய நிறுவனத்தில் வேலை செய்த அலெக்சாண்டர் கீத், எரிக்சன் சகோதரர்கள் ஆகியோர். 1896-இல் அவர்கள் சுழலும் எண்தட்டை, அதாவது நம் தாத்தா பாட்டிமார் அறிந்த டயலை, அமைத்தார்கள். முதல் டயலில் துளைகள் இல்லை. விரலுக்குப் பிடிமானமாக மேடுகள் இருந்தன. எண்ணை இழுத்து விட்டால், தட்டு திரும்பி வரும்போது தானே சரியாக எண்ணித் துடிப்புகளை அனுப்பிவிடும். 7-ஐ இழுத்தால் ஏழு துடிப்பு. 0-ஐ இழுத்தால் பத்துத் துடிப்பு. பழைய கறுப்புத் தொலைபேசியில் 0 சுழற்றினால் தட்டு திரும்பி வர அவ்வளவு நேரம் ஆனதன் காரணம் இதுவே.

டயல் வந்த அதே ஆண்டில் ஸ்ட்ரோஜர் தம் காப்புரிமைகளை 1,800 டாலருக்கு விற்றுவிட்டார். 1898-இல் நிறுவனத்தில் தமக்கிருந்த பங்கையும் 10,000 டாலருக்குக் கொடுத்துவிட்டார். உடல்நலம் குன்றியிருந்தது. வெப்பமான ஃபுளோரிடா மாநிலத்துக்குச் சென்று, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் குடியேறினார். அங்கே 1902 மே 26-ஆம் நாள், தம் 63-ஆம் வயதில் காலமானார். கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. எத்தனையோ பேரை நல்லடக்கம் செய்தவரின் கல்லறைக் கல்லில் தொலைபேசியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குதிரைப் படை அதிகாரி என்பது மட்டுமே பொறிக்கப்பட்டிருந்தது. 1949-இல்தான் தொலைபேசித் துறையினர் அங்கே அவருடைய கண்டுபிடிப்பை நினைவுகூரும் வெண்கலப் பலகை ஒன்றைப் பதித்தார்கள். அவர் 1,800 டாலருக்கு விற்ற உரிமைகளின் பயனைப் பெறுவதற்கு 1916-இல் பெல் நிறுவனம் கொடுத்த தொகை 25 லட்சம் டாலர் என்று எழுதியிருக்கிறார்கள்.

மனிதர் மறைந்தார், பொறி ஊர் ஊராகப் பரவியது. இங்கிலாந்தின் எப்சம் நகருக்கு 1912-இல் வந்தது. நம் நாட்டுக்கும் விரைவிலேயே வந்தது. வெள்ளையரின் கோடைக்காலத் தலைநகரான சிம்லாவில் 1913-14-இல் 700 இணைப்புகள் கொண்ட தானியங்கி நிலையம் அமைந்தது. விடுதலைக்குப் பின் 1948-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிலகத்தில் ஸ்ட்ரோஜர் முறைக் கருவிகள் நம் கைகளாலேயே செய்யப்பட்டன. தமிழகத்துப் பெருநகரங்களிலும் சிற்றூர்களிலும் பல்லாண்டுகள் இயங்கியவை அவையே. அத்தகைய நிலையம் ஒன்றில் பணிபுரிந்த பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: காலையில் கடைகள் திறக்கும் நேரத்தில் அந்த அறைக்குள் நுழைந்தால் ஆயிரம் தறிகள் ஒருங்கே ஓடுவதுபோல் கடகடவென்று சத்தம் கேட்குமாம். நள்ளிரவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டும். நோயோ சாவோ என்று பணியாளர் நினைத்துக்கொள்வாராம்.

அமெரிக்காவில் பெல் நிறுவனமோ நெடுநாள் தயங்கியது. பெண்களின் குரலே சந்தாதாரருக்கு மரியாதை என்று அது கருதியது. முதல் உலகப் போரை ஒட்டி ஆள் தட்டுப்பாடும் கூலியும் ஏறவே, 1919 நவம்பரில் வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக் நகரில் ஸ்ட்ரோஜர் முறை நிலையத்தைத் திறந்தது. பின்னர் நகரம் நகரமாக மாற்றம் வந்தது. ஒவ்வொரு நகரிலும் ஒருநாள் நள்ளிரவில் பழைய பலகையின் கம்பிகள் பிடுங்கப்பட்டன. மறுநாள் காலை அந்தப் பெண்களிற் பலருக்கு வேலையில்லை. பள்ளி முடித்த ஏழைப் பெண்களுக்கு மானத்தோடு கிடைத்த சில வேலைகளில் ஒன்று இது. அவர்களுக்குப் பின் படித்து வந்த பெண்கள் தட்டச்சு, அலுவலகப் பணி, உணவு விடுதி வேலை எனப் பிற வழிகளைத் தேடிக்கொண்டார்கள். ஏற்கெனவே இயக்குநராக இருந்து நடு வயதை எட்டியவர்களுக்கு அது எளிதாக இல்லை. ஸ்ட்ரோஜரின் வரலாற்றைப் புகழ்ந்து எழுதுவோர் இப்பகுதியைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது நமக்கு உடன்பாடன்று.

பழகுவதற்கு மறுத்த பெரிய மனிதர்களும் இருந்தார்கள். 1930-இல் வாஷிங்டனில் மேலவை உறுப்பினர்களின் அறைகளில் டயல் தொலைபேசி வைத்தபோது, அதே வர்ஜீனியாவைச் சேர்ந்த கார்ட்டர் கிளாஸ் என்ற மூத்த உறுப்பினர் பொங்கியெழுந்தார். தொலைபேசி நிறுவனத்தின் வேலையைச் சம்பளமின்றி நான் ஏன் செய்ய வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். டயலை அகற்றும்படி தீர்மானமே நிறைவேறியது. இளைய உறுப்பினர்களுக்கோ டயல் பிடித்திருந்தது. இறுதியில் வேண்டியவருக்கு வேண்டிய கருவி என்று சமாதானம் ஆயிற்று. அந்த முதியவரை நாம் எள்ளி நகைக்க மாட்டோம். அவர் சொன்னதில் உண்மை இருந்தது.

உள்ளூர் அழைப்பு விரலுக்கு வந்துவிட்டது. வெளியூர் அழைப்பு மட்டும் இயக்குநரிடமே இருந்தது. அதையும் மாற்ற 1947-இல் அமெரிக்காவையும் கனடாவையும் 86 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்கப் பகுதிக் குறியீடு கொடுத்தார்கள். இங்கே ஸ்ட்ரோஜரின் துடிப்புக் கணக்கு வேலை செய்வதைப் பாருங்கள். மிகுந்த அழைப்புகள் செல்லும் நியூயார்க் நகருக்கு 212, ஐந்தே துடிப்புகள். சிகாகோவுக்கு 312, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 213; ஆறு துடிப்புகள். கூட்டம் மிகுந்த ஊருக்கு விரைவாகச் சுழற்றக்கூடிய எண். 1951 நவம்பர் 10-இல் நியூஜெர்சி மாநிலத்து எங்கிள்வுட் நகரத் தலைவர், கண்டத்தின் மறுகரையிலுள்ள கலிபோர்னியாவின் அலமீடா நகரத் தலைவரைத் தாமே எண் சுழற்றி அழைத்தார். இணைப்புக் கிடைக்க 18 வினாடிகள் ஆயின. நம் நாட்டில் 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே எஸ்.டி.டி. வந்தது. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, மணிக்கணக்கில் தொலைபேசி அருகிலேயே நாற்காலி போட்டுக் காத்திருந்த குடும்பங்களுக்கு அது எத்தகைய விடுதலை என்பதை நம் பெற்றோரைக் கேட்டால் விரிவாகச் சொல்வார்கள்.

அதன்பின் மாற்றங்கள் ஓயவில்லை. அமெரிக்காவில் தொலைபேசி நிலையங்களுக்கு அழகிய பெயர்கள் இருந்தன. பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைச் சுழற்றிவிட்டுப் பிறகு எண்ணைச் சுழற்றுவார்கள். அவற்றை நீக்கி முழுவதும் எண்ணாக்கியபோது, 1962-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எண்மயத்தை எதிர்க்கவே ஒரு சங்கம் அமைத்தார்கள். மொழியியல் அறிஞர் ஹயகாவா அதில் இருந்தார். அவர்கள் தோற்றார்கள். இங்கே சென்னையில் 044-க்குப் பின் ஏழு எண்களாக இருந்தது, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் முன்னால் ஒரு 2 சேர்ந்து எட்டாயிற்று. அன்று எத்தனை திருமண அழைப்பிதழ்களில் பழைய எண்ணோடு அச்சாகி, பேனாவால் 2 எழுதிச் சேர்த்தார்களோ! ஒவ்வொரு முறையும் காரணம் ஒன்றே. வீடுகள் பெருகின, எண்கள் போதவில்லை. 2021-இல் நாம் சேர்த்த அந்தச் சுழியத்தால் மட்டும் சுமார் 254 கோடிப் புதிய எண்களுக்கு இடம் கிடைக்கும் என்று தொலைத்தொடர்புத் துறை கணக்கிட்டது.

ஸ்ட்ரோஜரின் பொறிகள் இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பிரிட்டனின் கடைசி ஸ்ட்ரோஜர் நிலையம் 1995 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் ஒரு சிற்றூரில் ஓய்ந்தது. ஆயினும் அவர் வகுத்த முறை ஓயவில்லை. முதல் எண் வந்ததும் ஒரு படி, அடுத்த எண் வந்ததும் மற்றொரு படி எனப் பொறி எண்களை வந்த வரிசையிலேயே வாசித்துக்கொண்டு போகிறது. முழு எண்ணையும் பார்த்துப் பொருள் அறிய அதற்கு ஒரு பெண்ணின் மூளை இல்லை.

இதனால் லபோர்ட் ஊருக்கே அண்மையில் ஒரு சோதனை வந்தது. அமெரிக்காவில், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் தவிப்பவர்கள் உடனே அழைக்க 988 என்ற மூன்றிலக்க எண்ணை ஒதுக்குவதென்று 2020-இல் முடிவாயிற்று. அதுவரை அத்தகையோர் அழைக்க வேண்டியிருந்தது ஒரு நீண்ட எண். கலங்கிய மனத்தில் அது எப்படி நினைவிருக்கும்? ஆனால் லபோர்ட் அடங்கிய 219 பகுதியில் உள்ளூர் எண்கள் ஏழிலக்கம். அவற்றுள் சில 988 என்றே தொடங்கின. ஒருவர் 988 அழுத்தினால், அவர் உதவிக்கு அழைக்கிறாரா, அல்லது பக்கத்துத் தெருவில் ஒருவரை அழைக்கத் தொடங்கியிருக்கிறாரா? பொறிக்குத் தெரியாது. பழைய பலகையின் முன் அமர்ந்திருந்த பெண்ணாக இருந்தால், அழைத்தவரின் குரலைக் கேட்டவுடனே அறிந்திருப்பார்.

வழி ஒன்றுதான் இருந்தது. நாடு முழுவதும் இந்தச் சிக்கல் உள்ள 82 பகுதிகளில், தெருக்கோடிக் கடையை அழைப்பதானாலும் பகுதிக் குறியீட்டையும் சேர்த்துப் பத்து எண்களையும் அழுத்த வேண்டும் என்று விதித்தார்கள். பழகுவதற்கு 2021 ஏப்ரல் முதல் ஆறு மாதம் அவகாசம். தனியே வாழும் முதியோரின் ஆபத்துக்கால அழைப்பான்கள், வீட்டுக் காவல் மணிகள், கைபேசியில் சேமித்த பழைய எண்கள் எல்லாவற்றிலும் 219 சேர்க்க வேண்டியிருந்தது. முணுமுணுப்பு இல்லாமலா இருந்திருக்கும்? அக்டோபர் 24 முதல் ஏழிலக்க அழைப்பு நின்றுபோயிற்று. 2022 ஜூலை 16-ஆம் நாள் 988 நாடெங்கும் இயங்கத் தொடங்கியது. 1892-இல் இரண்டு பொத்தான்களை எண்ணி எண்ணி அழுத்தக் கற்றுக்கொண்ட அந்த ஊர், 130 ஆண்டுகளுக்குப் பின், முகமறியாத ஒருவருடைய அழைப்பு வழிதவறாமல் சென்று சேரும்பொருட்டு, மூன்று எண்களைக் கூடுதலாக அழுத்தக் கற்றுக்கொண்டது.